சத்தம் வராத இடங்கள்

என் வீட்டுக்காரருக்குக் கண் போனபிறகு, எங்கள் வீட்டில் டிவி பார்ப்பது என் வேலை, கேட்பது அவர் வேலை என்று ஆனது. கண் போனது என்றால் ஒரேயடியாக இருட்டு என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. நடுப்பார்வை போய்விட்டது, ஓரப்பார்வை மிச்சம் இருக்கிறது. வாசலில் ஆள் நிற்பது தெரியும். கட்டியிருக்கிற புடவை என்ன நிறம் என்பது நல்ல வெளிச்சம் இருந்தால் தெரியும். முகம் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் ஈரக்கையால் அழித்த சிலேட்டு மாதிரி இருக்கும் என்பார். டிவியிலும் அப்படித்தான். நிறங்கள் நகரும், குரல்கள் கேட்கும், யாருக்கும் முகம் இருக்காது.

அவர் லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர். கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலைக்கு ஏறி, வெள்ளிமலைப் பக்கத்து ஊர்களில் மரவள்ளிக்கிழங்கும் புளியும் கடுக்காயும் ஏற்றிக்கொண்டு இறங்குவார். அந்தப் பாதையின் வளைவுகள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்த மனப்பாடம்தான் அவர் காலை வாரிவிட்டது. கண் மங்க ஆரம்பித்தது ஒரு மார்கழியில். மலையில் பனி இறங்கியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். முன்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, வளைவுகளை ஞாபகத்திலேயே ஓட்டினார். தை போய் மாசியும் வந்துவிட்டது. எங்கள் ஊரில் கரும்பு வெட்டுகிற வெயிலில் நின்றுகொண்டு, இந்த வருசம் பனி ஜாஸ்தி என்று என்னிடமே சொன்னார். நான் அண்ணாந்து பார்த்தேன். பனியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே கண் டாக்டரிடம் போயிருப்பார்கள். மலையில் வண்டி ஓட்டிப் பழகின மனுசன் மட்டும்தான் பனி விலகட்டும் என்று காத்திருப்பார்.

சர்க்கரை வியாதி கண்ணுக்குள் போய்விட்டது என்று பாண்டிச்சேரி டாக்டர் சொன்னார். ஊசி போட்டார்கள், லேசர் வைத்தார்கள். இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம், போனது போனதுதான் என்று அந்த டாக்டர் ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டார். எனக்கு அந்த ஆள்மேல் கோபம் வந்தது. ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். வரும் வழியில் உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறுவதற்கு நின்றபோது, லாரிகளின் சத்தத்தை வைத்தே இது லோடு ஏற்றின வண்டி, இது காலி வண்டி என்று இவர் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டு நின்றேன்.

வண்டி கைவிட்டுப் போனது. மகளை உளுந்தூர்பேட்டையில் கட்டிக்கொடுத்திருந்தோம், அவளுக்கு அவள் குடும்பம். நான் கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். காலையில் டவுன் பஸ் ஏறினால் பொழுது சாயத்தான் திரும்புவேன். நாள் முழுக்க நின்றுகொண்டு சேலையை விரிப்பதும் மடிப்பதும்தான் வேலை. அங்கே போய்த்தான் எனக்குக் கண் திறந்தது என்று சொல்லவேண்டும். புடவை எடுக்க வருகிற பெண்கள் வாயால் சொல்வதை நம்பி மோசம் போகக் கூடாது. பச்சையைக் காட்டி நல்லா இருக்கு என்பாள், இடது கை மட்டும் கீழே கிடக்கிற மாம்பழ நிறத்தின் முந்தானையை விடாமல் பிடித்திருக்கும். அவளுக்கு வேண்டியது அதுதான். கூட வந்திருக்கிற மாமியாருக்கு வேண்டியது பச்சை. நான் இரண்டையும் எடுத்து மேலே வைத்துவிட்டு மாமியாரிடம் பேச்சுக் கொடுப்பேன்.

கண் இப்படிப் பழகிப்போனதால்தான் டிவி சீரியலையும் நான் அந்த மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் அரைமணி நேரம் ஒரு சீரியல். மூன்று தெரு அகலத்துக்கு ஒரு வீடு, அதில் இரண்டு மருமகள்கள், அடுப்படியிலும் பட்டுப்புடவை. அந்தக் கதைக்குக் கண்ணே வேண்டாம். யாராவது கெட்ட எண்ணம் நினைத்தால் மேளம் மூன்று முறை அடிக்கும், முகத்தை மூன்று பக்கமிருந்து காட்டுவார்கள். "டொய்ங்குன்னா எவளோ மொறைக்கிறா, அதானே" என்பார் அவர். அதானே. அதில் நான் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

ஆனால் அந்தச் சீரியலில் ஓரமாக ஒருத்தன் இருந்தான். பெரிய மருமகளுக்கு அண்ணன். லேத்துப் பட்டறையில் வேலை செய்தவன், மெஷினில் கை மாட்டி விரல்கள் போய்விட்டன. இப்போது வீட்டில் இருக்கிறான். பொண்டாட்டி ஒரு ஆபீசுக்குப் போகிறாள். வாரத்தில் இரண்டு மூன்று நாள், அதுவும் சில நிமிசம் காட்டினால் பெரிது. எழுதினவர்களுக்கு அவன்மேல் அக்கறை இல்லை, அவனுக்கு வசனமும் அதிகம் இல்லை. அந்த வேசத்தைப் போட்ட மனுசன் யார் பெற்ற பிள்ளையோ, வசனம் இல்லாத இடத்தில்தான் எல்லாவற்றையும் செய்வான். மேளம் அடிக்காத இடத்தில்.

முதலில் நான் கவனித்தது நாற்காலியை. அவன் ஃபேனுக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். வாசலில் பொண்டாட்டியின் வண்டிச் சத்தம் கேட்கிறது. உடனே எழுந்து, எதையோ எடுக்கப் போகிறவன் மாதிரி ஜன்னல் பக்கம் போய் நிற்கிறான். அவள் உள்ளே வந்து பையை வைத்துவிட்டு அந்த நாற்காலியில் உட்காருகிறாள். அவனை அவள் எழச் சொல்லவில்லை. அவனும் உட்காரு என்று சொல்லவில்லை. நாற்காலியைப் பற்றி ஒரு பேச்சு இல்லை, இரண்டு பேரும் தங்கச்சிக்கு வந்த கஷ்டத்தைப் பற்றிப் பேசுகிறார்கள்.

அன்றைக்கு அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் சும்மா இருக்கமாட்டாமல் நாற்காலி விசயத்தைச் சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு, "மறுபடி சொல்லு, அவ வர்றதுக்கு முன்னாடியே எழுந்தானா, வந்தப்புறமா?" என்று கேட்டார். முன்னாடியே என்றேன். "பாவம்" என்றார்.

அன்றிலிருந்து அவன் எங்களுக்கு நம்மாளு ஆகிவிட்டான். பேச்சு நின்று படம் மட்டும் ஓடுகிற இடம் வந்தால் போதும், "இன்னா பண்றான் இப்ப?" என்று கேட்டுவிடுவார். நான் சொல்வேன். சொல்வது லேசான காரியம் இல்லை. வருத்தமா இருக்கான் என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். வருத்தம் உனக்கு எப்படித் தெரிந்தது, அவன் செய்ததைச் சொல் என்பார். மலையில் ஓட்டினவருக்கு மேடு பள்ளம் என்று பொதுவாகச் சொன்னால் பத்தாது, எந்த வளைவு, எந்தப் பக்கம் பாறை என்று வேண்டும். ஆகவே நான் வார்த்தையைத் தேடித் தேடிச் சொல்லப் பழகினேன். தலையைக் குனிந்தான் என்றால் எவ்வளவு குனிந்தான், சிரித்தான் என்றால் பல் தெரியச் சிரித்தானா, வாயை மூடிக்கொண்டு சிரித்தானா.

இதை இங்கே பச்சையாகச் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் ஆன நாள் முதல் எங்களுக்குள் பேச்சு என்று பெரிதாக இருந்ததில்லை. அவருக்கு லோடு, டயர், மழை. எனக்கு அடுப்பு, மகள், தண்ணீர் வருகிற நேரம். சண்டை இல்லை, சல்லாபமும் இல்லை. அவர் கண் போய், நான் வேலைக்குப் போய், அந்த அரைமணி நேரத்தில்தான் நாங்கள் முதல்முறையாக ஒரே விசயத்தைப் பற்றி இரண்டு பேரும் அக்கறையாகப் பேசினோம். அது போனால் எங்களுக்குள் வேறு எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் நிற்க இடமில்லாமல் தொங்கிக்கொண்டு வரும்போதுகூட, இன்றைக்கு நம்மாளு வருவானா என்று நினைத்துக்கொண்டே வருவேன்.

ஒருநாள் நம்மாளு வீட்டுக்கு மச்சான் முறையில் ஒருத்தன் வந்தான். இப்ப என்ன பண்ணிட்டு இருக்கீங்க என்று சும்மா கேட்டான். நம்மாளு சிரித்தான். நல்ல கை தானாகப் போய்ச் சட்டைப் பையைத் தடவியது, அங்கே எதுவும் இல்லை, கை அங்கேயே தங்கிவிட்டது. பதில் சொல்வதற்குள் தங்கச்சி அழுதுகொண்டு வந்துவிட்டாள், கேமரா அவள் பின்னாலேயே ஓடிவிட்டது. நான் அந்தக் கையைப் பற்றிச் சொன்னேன். பையில எதுனா தேடுறானா என்று கேட்டார். தேடவில்லை, கைக்குப் போக இடமில்லை என்றேன். அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது. சாப்பிடும்போது அதைத் திரும்பச் சொல்லிச் சிரித்தார்.

கொஞ்ச நாள் கழித்து மலையிலிருந்து அழைப்பு வந்தது. இவருக்கு வெகுநாளாகக் கிழங்கு லோடு கொடுத்த மலைக்காரர் ஒருவர், அவர்கள் ஊரில் சாமி கும்பிடுகிறார்கள், குடும்பத்தோடு வரவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். நான் கடையில் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கினேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தை அவருக்குக் கொடுத்தேன். வேண்டாம், நீ உட்காரு, நான் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று என்னை உள்ளே தள்ளினார். கோமுகி அணையைத் தாண்டி ஏற ஆரம்பித்ததும் அவருக்கு வாய் திறந்துகொண்டது. இப்ப ஒரு பெரிய புளியமரம் வரும், பார். வந்தது. இப்ப வளைவு, திரும்பினதும் பள்ளத்தில் ஒரு வீடு தெரியும், சாமை காயப்போட்டிருப்பார்கள். வீடு இருந்தது, சாமை இல்லை. சீசன் இல்லை போல என்றார். நான் அவர் சொல்வதையெல்லாம் பார்த்துக்கொண்டே போனேன். பக்கத்து சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பார்த்தால் பார்க்கட்டும். அவர் அவ்வளவு சந்தோசமாக இருந்து நான் பார்த்ததில்லை. எனக்கும் அன்றைக்குச் சந்தோசம்தான்.

மலைக்காரர் நல்ல மனுசன். எங்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உட்கார வைத்தார். ஆனால் இவரிடம் பேசும்போது மட்டும், காது கேட்காதவரிடம் பேசுகிற மாதிரி சத்தமாகப் பேசினார். யாருக்கும் தோன்றுவதுதான், அவரைக் குறை சொல்ல முடியாது. சாமி கும்பிட்டு முடிந்து சோறு போடுவதற்கு முன்னால், அதே சத்தத்தில், "இப்ப இன்னா பண்றீங்க?" என்று கேட்டார். இவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே வலது கையைத் தூக்கிச் சட்டைப் பைமேல் வைத்தார். கை அங்கேயே இருந்தது.

நான் சொன்னதைக் கேட்டு அவர் கற்றுக்கொண்டாரா, இல்லை இந்தக் கேள்வி வந்தால் எல்லா ஆம்பிளைகளின் கையும் அங்கேதான் போகுமா, எனக்குத் தெரியவில்லை. வூட்லதான், எல்லாம் அவ பாத்துக்கறா என்று பதில் சொன்னார். நல்லவிதமாகத்தான் சொன்னார். மலைக்காரர் என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினார். திரும்பி வரும்போது இவர் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார், எந்த வளைவையும் சொல்லவில்லை. தூங்கிவிட்டாரோ என்று பார்த்தேன். தூங்கவில்லை.

அதற்குப் பிறகு நம்மாளு வருகிற இடங்களை அவர் கேட்கிற விதம் மாறியது. முன்பெல்லாம் அவன் என்ன செய்கிறான் என்று கேட்டவர், இப்போது அவள் என்ன செய்கிறாள் என்று கேட்க ஆரம்பித்தார். அவன் பேசும்போது அவள் அவனைப் பார்க்கிறாளா, வேறெங்காவது பார்க்கிறாளா? பையை மெதுவாக வைத்தாளா, போட்டாளா? அந்தப் பெண்ணின் நடிப்பும் லேசுப்பட்டது இல்லை. புருசனை ஒரு சொல் கடிந்து பேசமாட்டாள். நல்லவளாகத்தான் எழுதியிருந்தார்கள். கேட்டதற்கெல்லாம் நான் உள்ளது உள்ளபடி பதில் சொன்னேன். இல்லாததைச் சொன்னால் இவருக்குத் தெரிந்துவிடும். பாட்டு எங்கே நின்றது, மூச்சு எங்கே இழுத்தது என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கடையில் சேலையை விற்க நான் எவ்வளவோ அளந்துவிடுவேன், வீட்டில் அந்த அரைமணி நேரத்தில் ஒரு பொய் சொன்னதில்லை.

நடுவில் ஒருநாள் கடையில் சரக்கு இறங்குகிறது என்று எங்களைச் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். நான் வெயில் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தேன். கதவு திறந்திருந்தது. அவர் பாயைச் சுருட்டி மூலையில் சாய்த்துவிட்டு, தலையணையை மடியில் வைத்து உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தார். தலை வைத்த பள்ளம் இன்னும் இருக்கிறதா என்று கையால் பார்த்து, தட்டி மேடாக்கினார். பகலில் படுத்திருந்தது எனக்குத் தெரியக் கூடாது. இதை நான் எந்தச் சீரியலிலும் பார்க்கவில்லை, அவருக்குச் சொல்லவும் இல்லை. அவராகத்தான் செய்தார். நான் செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு, தெரு முனை வரைக்கும் போய், திரும்பி வரும்போது பக்கத்து வீட்டுக்காரியிடம் சத்தமாக ஏதோ பேசிக்கொண்டே வந்தேன்.

பிறகுதான் அந்தக் காப்பி வந்தது. பொண்டாட்டி ஆபீசிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கிறாள். நம்மாளு அவளுக்குக் காப்பி போட்டுக் கொண்டுவருகிறான். விரல் இல்லாத கையால் டம்ளரை அணைத்துப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வருகிறான். பாதி டவராவில் சிந்திவிட்டது. இன்னிக்கு சக்கரை கரெக்டா போட்டிருக்கேன் பாரு என்கிறான், குரலில் ஒரே உற்சாகம். அவள் வாங்கிக்கொண்டு சிரிக்கிறாள். அவன் திரும்பி அடுப்படிக்குப் போகிறான். அப்புறம் ஒரு நொடி, அதற்குமேல் இல்லை. மேளம் இல்லை, பாட்டு இல்லை.

அவர் கேட்டார். "இன்னா பண்றா இப்ப?"

நான் பார்த்ததைச் சொன்னேன். அவன் போகும்வரைக்கும் சிரித்தாள். முதுகைக் காட்டினதும் சிரிப்பு இறங்கிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டாள். டம்ளரை வாய்கிட்டே கொண்டுபோகவில்லை.

"கோவமா?"

"கோவம் இல்ல. சலிப்பு."

"சலிப்புன்னு நீ எப்டி சொல்ற? பண்ணத சொல்லு."

"எனக்குத் தெரியாதாங்க அது?" என்றேன்.

வாயிலிருந்து விழுந்துவிட்டது. நான் திரையைப் பார்த்துக்கொண்டு, மற்ற நாட்களில் சொல்வது மாதிரிதான் சொன்னேன். சொன்ன பிறகுதான் அது என் காதிலும் விழுந்தது. அதற்குள் விளம்பரம் போட்டுவிட்டான். சோப்பு, பாத்திரம் கழுவுகிற பவுடர், யாரோ ஒரு குழந்தை துள்ளிக் குதிக்கிறது. அவர் அத்தனை விளம்பரத்தையும் கேட்டார்.

பிறகு மெதுவாக, "நா திரும்புனதும் உனக்கும் அப்டித்தான் ஆவுதா?" என்று கேட்டார்.

பைத்தியம் மாதிரி பேசாதீங்க என்று சிரித்தேன். அவர் தலையைச் சாய்த்து, ஓரப்பார்வையில் என்னைப் பிடிக்கப் பார்த்தார். ஓரப்பார்வைக்குப் புடவை கிடைக்கும், தோள் கிடைக்கும், முகம் கிடைக்காது. நேராகத் திரும்பினால் அதுவும் போய்விடும். என் முகத்தில் அப்போது என்ன இருந்தது என்று அவருக்கு எடுத்துச் சொல்ல அந்த அறையில் ஆள் இல்லை. நான் சொல்லியிருந்தாலும் எப்படி நம்புவார்?

சலிப்பு எனக்கு இருந்தது. இல்லை என்று சாதிக்க நான் தயாராக இல்லை. காலெல்லாம் வீங்கி வந்து, உலை வைத்து, மாத்திரை எடுத்துக் கொடுத்து, நாளைக்கும் இதே என்று நினைக்கும்போது யாருக்கும் வரும். ஆனால் சலிப்பு மட்டும்தான் இருந்தது என்று எவன் சொன்னான்? புளியமரம் வரும் பார் என்று அவர் சொன்னபோது என் முகத்தில் இருந்ததும் என் முகம்தானே. அதை அவர் பார்க்கவில்லை. அவருக்குக் கிடைத்தது அந்த ஒரு நொடி, அதுவும் வேறொருத்தியின் முகத்தில், என் வாய் வழியாக.

மறுநாள் நான் சமாதானம் பண்ணப் போனேன். அது நாடகம், அவளுக்குச் சம்பளம் கொடுத்து அப்படி மூஞ்சியை வைக்கச் சொல்கிறார்கள், அதைப்போய் மனதில் வைத்துக்கொண்டு இருக்கிறீர்களே என்றேன். "உனக்கு ஆரு சம்பளம் குடுக்கறாங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். அவர் கோபமாகக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் மரியாதையாக மாறிப்போனார். எனக்கு இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, கேட்கிறவர்களுக்கு நல்ல விசயமாகத் தெரியும். முன்பு நான் வாசலில் கால் வைக்கும்போதே தண்ணி என்று சத்தம் போடுகிறவர், இப்போது சுவரைத் தடவிக்கொண்டு அவரே போய் மொண்டு குடிக்கிறார், கொட்டினதைத் துணி போட்டுத் துடைக்கிறார். துண்டு எங்கே என்று கேட்பதற்கு முன்னால், உனக்கு வேலை இல்லன்னா என்று ஆரம்பிக்கிறார். ஒருநாள் மாத்திரையைக் கையில் கொடுத்ததும் தேங்ஸ் என்றார். எங்கள் பக்கத்தில் எந்தப் புருசன் பொண்டாட்டிக்குத் தேங்ஸ் சொல்லியிருக்கிறான்? எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகளிடம் போனில் சொன்னேன். நல்லதுதானே அம்மா, அப்பா மாறிட்டாரு என்று அவள் சந்தோசப்பட்டாள். அவளுக்கு இதை விளங்கவைக்க என்னால் முடியவில்லை.

சீரியலுக்கு இன்றும் பக்கத்தில் வந்து உட்காருகிறார். ஆனால் பேச்சு நிற்கிற இடத்தில் ஒன்றும் கேட்பதில்லை. நானாகச் சொல்லிப் பார்த்தேன். இப்ப ஜன்னல்கிட்ட போறான், இப்ப கையைப் பின்னால கட்டிக்கிட்டான். ம் என்பார். அவ்வளவுதான். பிறகு சீரியல்காரனே ஒரு வழி பண்ணிவிட்டான். நம்மாளுக்கு வெளியூரில் வேலை கிடைத்துவிட்டது என்று தங்கச்சி வாயால் ஒரு வரி சொல்ல வைத்து, அவனை அத்தோடு நிறுத்திவிட்டார்கள். அவன் பொண்டாட்டியும் அதற்குப் பிறகு வரவில்லை. விரல் இல்லாதவனுக்கு எந்த ஊரில் என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. நான் மட்டும் டிவியைப் பார்த்துத் திட்டினேன். இவர் நல்லதாப் போச்சு என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒரு காலத்தில் குழம்பில் உப்பு ஒரு கல் கம்மியாக இருந்தாலும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என் அம்மா வீடு வரைக்கும் இழுக்கிற ஆள் அவர். அந்த வாய்க்கு எத்தனை நாள் அழுதிருக்கிறேன். அன்றைக்கு மொச்சைக்கொட்டைக் குழம்பு வைத்தேன், வேண்டுமென்றே உப்பே போடவில்லை. சோற்றிலும் போடவில்லை. திட்டட்டும் என்று நினைத்தேன். தட்டை வீசி எறிந்தால்கூடப் பரவாயில்லை, ஓடிப்போய்ப் பொறுக்கிக்கொள்வேன். தட்டை வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்து, டிவியைப் பார்க்கிற மாதிரி அவர் முகத்தைப் பார்த்தேன்.

பிசைந்து முதல் வாய் வைத்தார். தாடை நின்றது. நாக்கு உள்ளே எதையோ தேடுவது கன்னத்தில் தெரிந்தது. திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். விழுங்கினார். நான் இருக்கிற பக்கமாக முகத்தைத் திருப்பிச் சிரித்தார்.

"நல்லாருக்கு" என்றார். "இன்னும் கொஞ்சம் ஊத்து."

ஊற்றினேன். எழுந்து அடுப்படிக்குப் போனேன். உப்பு ஜாடியைத் திறந்து வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். சத்தம் போடாமல் கதவோரம் வந்து எட்டிப் பார்த்தேன். அவர் இன்னும் நான் உட்கார்ந்திருந்த இடத்தை நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார். நான் பார்க்கிறேனா, போய்விட்டேனா என்று அவருக்குத் தெரியாது, அதனால் அந்தச் சிரிப்பை எப்போது இறக்கி வைக்கலாம் என்றும் அவருக்குத் தெரியவில்லை.